ஒமெப்பிரசோலை நிறுத்துவதற்கு முன் முழங்கால் குளிசையைப் பாருங்கள்

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 62. முழங்கால் உளைவுக்கு டைக்ளோபெனாக் போடுகிறார், பிரஷருக்கு லோசாட்டன். நெஞ்செரிவு வந்ததும் ஒமெப்பிரசோல் கொடுத்தார்கள், அது இரண்டு வருசத்துக்கு மேலாக ஓடுகிறது. "ஒமெப்பிரசோல் கிட்னியைப் பழுதாக்கும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து அம்மா பயந்து நிறுத்தப் பார்க்கிறார். நிறுத்தினால் சில நாளிலேயே எரிவு தாங்க முடியவில்லை. பமோட்டிடினுக்கு மாறலாமா, இல்லை ஜெலுசில் மட்டும் போதுமா என்பது கேள்வி.

தம்பி, உங்கள் அம்மா பயப்படுவதில் பிழையில்லை. பயப்பட வேண்டிய குளிசையைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். அந்த வீட்டில் வயிற்றுக்கும் கிட்னிக்கும் பெரிய ஆபத்து டைக்ளோபெனாக். அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு ஒமெப்பிரசோலை மட்டும் நிறுத்துவதுதான் இருக்கிற வழிகளிலேயே மோசமானது. ஏன் என்று சொல்கிறேன். வன்னியில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவன் என்ற அளவில் சொல்வது இது. அம்மாவின் மருந்தை மாற்றுவது அவரைப் பார்க்கிற டொக்டரின் வேலை.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரும்பாணியையே அரிக்கக்கூடியது. அது இரைப்பையை அரிக்காமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவரில் இருக்கிற சளிப்படலமும் அதற்குள் சுரக்கிற, அமிலத்தைச் சமப்படுத்துகிற பைகார்பனேற்றும். அந்தப் பாதுகாப்பைச் சுரக்கச் சொல்லி உடம்பு அனுப்புகிற செய்தி புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மூட்டு வீங்கி நோகும்போது நோவை உண்டாக்குவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபெனாமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் இதன் உற்பத்தியை மறிக்கின்றன. மூட்டில் மறித்தால் சுகம். இரைப்பையில் மறித்தால் சுவர் வெறுமையாகி விடுகிறது, பிறகு சாதாரண அளவு அமிலமே புண்ணாக்கப் போதும்.

"சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது" என்று எல்லோரும் சொல்வார்கள். சாப்பாட்டோடு போட்டால் குமட்டலும் உடனடி எரிச்சலும் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மருந்து இரத்தத்தில் கலந்த பிறகு எந்த வழியால் உள்ளே போனது என்பது இரைப்பைக்குத் தெரியாது. ஊசியாகப் போட்டாலும் மலவாசலில் வைத்தாலும் அல்சர் வரலாம். இன்னொரு சங்கதி: இந்தக் குளிசைகளால் வருகிற புண் பல பேருக்கு நோவதே இல்லை. நோவை அடக்குகிற மருந்துதானே அது. முதல் அறிகுறியே இரத்தச் சத்தியாகவோ கறுத்த மலமாகவோ இருக்கிறவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்கலாம்.

வன்னியில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டால், வேலை அப்படி. நாற்று நட்டு, களை பிடுங்கி, மூட்டை தூக்கி வந்த உடம்பு இரவில் உளையாமல் இருக்குமா? அதுக்குச் சந்திக் கடையில் மருந்து கிடைக்கிறது. "உடம்பு நோ" என்றால் போதும், சின்ன வெள்ளைக் காகித உறைக்குள் மூன்று நாலு நிறத்தில் குளிசைகள் வரும், மேலே "கா", "இ" என்று பேனாவால் எழுதியிருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. ஒரு ஐயா கொண்டுவந்த உறையை எண்ணுகிற தட்டில் கொட்டிப் பார்த்தோம். ஒன்று டைக்ளோபெனாக், ஒன்று பிரெட்னிசலோன், ஒன்று பமோட்டிடின், மற்றது வைட்டமின். "இதைப் போட்டால் அடுத்த நாள் பொடியன் மாதிரி வேலை செய்யலாம் தம்பி" என்றார். செய்யலாம்தான், பிரெட்னிசலோன் ஸ்டீரொயிட் அல்லவா. ஆனால் ஸ்டீரொயிட்டும் டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசிகிற ஆபத்து தனித்தனியாகப் போடுவதை விடப் பல மடங்கு. அதில் பமோட்டிடின் வைத்திருப்பது மனச்சாட்சிக்காக என்று நினைக்கிறேன். வழக்கமான அளவில் அது சிறுகுடல் தொடக்கத்தில் வருகிற புண்ணைத்தான் ஓரளவு தடுக்கும், இரைப்பைப் புண்ணை நம்பும்படி தடுக்காது.

இனிக் கிட்னிக்கு வருவோம். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களிலிருந்து பேசப்படுகிற, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஊரூராக ஆர்ஓ என்கிற வடிகட்டிய தண்ணீர் வந்ததே அந்தப் பயத்தில்தான். ஆகவே யாராவது "கிட்னி" என்று வாயெடுத்தால் சனம் பதறுவது நியாயம்.

ஒமெப்பிரசோலைப் பற்றி உண்மையாகத் தெரிந்தது இவ்வளவு. அரிதாக, ஒருவித ஒவ்வாமை போலச் சிறுநீரகத்தில் திடீர் அழற்சி வரலாம். நீண்ட காலம் போடுகிறவர்களிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகப் பெரிய கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஆனால் அப்படிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பல வருத்தம் உள்ளவர்கள், அதனால் குற்றம் குளிசையுடையதா என்பது நிரூபணமாகவில்லை. டைக்ளோபெனாக்கின் கதை வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் புரொஸ்டாகிளாண்டின்தான், அதை மறித்தால் வடிகட்டல் இறங்குகிறது. லோசாட்டன் எடுக்கிறவருக்கு இது இன்னும் கூடும், ஏனென்றால் லோசாட்டன் அதே வடிகட்டியின் வெளிவாசல் பக்கத்தைத் தளர்த்துகிறது. கூடவே சிறுநீர் போகிற குளிசையும் இருந்து, பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வெளியில் நின்றால், ஒரு கிழமைக்குள் கிரியற்றினின் (சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் தேங்குகிற கழிவு) ஏறிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்தது நல்லது, குளிசையின் பெயரைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

சரி, முழங்காலுக்கு என்ன செய்வது? பனடோலில் (பரசிற்றமோல்) தொடங்கலாம். அதனால் அல்சர் வராது. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, நாளுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. டைக்ளோபெனாக்கே வேண்டுமென்றால் ஜெல் இருக்கிறது. தோலில் பூசுவதில் இரத்தத்துக்குப் போவது மிகச் சிறிய பங்கு. தொடைத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சியைப் பிசியோதெரபிக் கிளினிக்கில் காட்டித் தருவார்கள், மெனக்கெட்டுச் செய்கிறவர்களுக்கு நல்ல பலன் உண்டு.

இப்போது அமில மருந்துகள். மூன்றையும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக நினைப்பதால்தான் "மாறலாமா" என்ற கேள்வி வருகிறது.

ஜெலுசில் போன்ற அன்ராசிட் ஏற்கெனவே சுரந்து கிடக்கிற அமிலத்தைச் சமப்படுத்துகிறது. சில நிமிடத்தில் சுகம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அலுமினியம் மலச்சிக்கலாக்கும், மக்னீசியம் வயிற்றோட்டமாக்கும், அதனால்தான் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். புண்ணை ஆற்றுவதற்கு இதை நம்பியிருக்க முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த இரண்டும் உடம்பில் தேங்கும், அவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. அப்பச்சோடா கரைத்துக் குடிப்பதும் இதே வகைதான். அதில் நிறைய சோடியம், பிரஷர்காரருக்கு ஆகாது. காவிஸ்கன் கொஞ்சம் வேறுபட்டது. அதில் இருக்கிற அல்ஜினேற் கடற்பாசியிலிருந்து எடுப்பது, இரைப்பையில் இருப்பதன் மேல் ஒரு நுரைப்படலமாக மிதந்து மேலே எதுக்களித்து வருவதைத் தடுக்கும். படுத்தவுடன் தொண்டைக்குப் புளித்து வருகிறவர்களுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லது.

வயல்காரருக்கு ஒரு விசயம் இடையில் சொல்லிவிடுகிறேன். எலிக்காய்ச்சல் தடுப்புக்குச் சேற்றில் இறங்குகிற காலத்தில் டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். அதை அன்ராசிட்டோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் பிணைந்து மருந்து உறிஞ்சப்படாமல் போய்விடும், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் அப்படியே, தைரொக்சினுக்கு நாலு மணி நேரம். டொக்சிசைக்கிளினை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். நெஞ்சு பிளக்கிற மாதிரி நோகும், எல்லோரும் "காஸ்" என்பார்கள். ஒரு முழுக் கிளாஸ் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும்.

பமோட்டிடின் அடுத்த வகை. அமிலம் சுரக்கச் சொல்லும் செய்திகளில் ஒன்று ஹிஸ்டமின், அது வந்து இறங்குகிற இடத்தை இது அடைக்கிறது. இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். முதலில் வந்தது சிமெற்றிடின், 1976இல். பிறகு ரனிற்றிடின். பழைய ஆட்களுக்கு "ரனிற்றிடின்" என்றால்தான் விளங்கும். 2019இல் அந்தக் குளிசைகளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கலாம் என்று கருதப்படும் மாசு கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதை முழுதாகச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. பழைய பெட்டியில் யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள். பமோட்டிடினில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும், இரவு எரிவுக்கு நல்லது. குறை என்னவென்றால் தினமும் போட்டால் ஒன்றிரண்டு கிழமையில் உடம்பு பழகி, சுகம் குறைகிறது. சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்கள் தடுமாறிக் கதைக்கத் தொடங்குவார்கள்.

ஒமெப்பிரசோல் 1988இல் சுவீடனில் வெளிவந்தது. இது செய்திகளோடு மினக்கெடுவதில்லை, அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்பையே பிடித்து நிறுத்துகிறது. பிடித்த பம்பு பிறகு வேலை செய்யாது, உடம்பு புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும். இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிட்டாலும் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்பது அதனால். ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத்தான் இதனால் பிடிக்க முடியும். பம்பு ஓடுவது சாப்பாடு வரும்போது. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் போட வேண்டும்.

மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்து, வயலுக்கோ கடைக்கோ போய், பத்து மணிக்குப் புட்டைச் சாப்பிட்டு, அதன் பிறகு மற்றக் குளிசைகளோடு சேர்த்து இதையும் விழுங்குவார்கள். அல்லது எரிகிற நேரம் பார்த்து ஒன்று போடுவார்கள். எரிகிற நேரத்துக்கு இது மருந்தே அல்ல, முழுப் பலன் வர மூன்று நாலு நாள் தொடர்ந்து போட வேண்டும். கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே கடுகை விடச் சின்ன வெள்ளை மணிகள் இருக்கும். அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்ச் சேர அந்த மணிக்கு மேல் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். இடித்துத் தூளாக்கினால், சப்பினால், மருந்து வழியிலேயே செத்துவிடும். விழுங்க முடியாதவர்கள் கூட்டைத் திறந்து மணிகளை ஒரு கரண்டி தயிரில் போட்டுச் சப்பாமல் விழுங்கலாம். பன்டோபிரசோல், இசோமெப்பிரசோல், ரபெபிரசோல், எல்லாம் இதே குடும்பம். பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் வித்தியாசம். ஒரு விதிவிலக்கு: இதயத்துக்குக் குளோபிடோகிரல் எடுக்கிறவர்களுக்கு ஒமெப்பிரசோலும் இசோமெப்பிரசோலும் அந்த மருந்தின் பலனைக் குறைக்கலாம், பன்டோபிரசோல் நல்லது.

எவ்வளவு காலம்? சிறுகுடல் புண்ணுக்கு நாலு கிழமை, இரைப்பைப் புண்ணுக்கு எட்டுக் கிழமை, எதுக்களிப்புக்கு நாலு முதல் எட்டு. அதற்குப் பிறகும் ஓடுவதென்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும். நிறுத்த முடியாத அஸ்பிரினோ நோக்குளிசையோ இருப்பது அப்படி ஒரு காரணம். காரணமில்லாமல் வருசக் கணக்கில் ஓடினால் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவு ஆபத்து சற்றுக் கூடலாம், குடல் தொற்றுகள் கொஞ்சம் இலகுவாகப் பிடிக்கும். சீனி வருத்தத்துக்கு மெற்போர்மினும் சேர்ந்து ஓடினால் பி12 இரண்டு பக்கத்தாலும் குறையும், கால் விறைப்பு வந்தால் எல்லாவற்றையும் சீனியின் மேல் போட்டுவிட வேண்டாம்.

அம்மா நிறுத்தியதும் எரிவு கூடியதற்கு விளக்கம் இருக்கிறது. நீண்ட காலம் அமிலத்தை அடக்கினால், உடம்பு கஸ்ரின் என்ற ஓமோனை அதிகமாகச் சுரந்து, அமிலம் சுரக்கிற கலங்களை உசுப்பி வைக்கிறது. தடையை எடுத்தவுடன் முன்பை விடக் கூடுதலாகச் சுரக்கும். 2009இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வில், எந்த வயிற்று வருத்தமும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டுக் கிழமை இசோமெப்பிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவர்களில் 44 வீதமானவர்களுக்கு எரிவு வந்தது. மருந்தில்லாத வெறுங்குளிசை போட்டவர்களில் 15 வீதம். அதாவது வருத்தமே இல்லாதவருக்கும் நிறுத்தும்போது எரியும். அதைப் பார்த்து "எனக்கு அல்சர் திரும்பிவிட்டது" என்று மறுபடி தொடங்குகிறார்கள், அது வருசக் கணக்காகிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் டைக்ளோபெனாக் போகட்டும். அது போன பிறகும் ஒமெப்பிரசோல் ஒழுங்கான நேரத்தில் சில கிழமை ஓடட்டும், இருக்கிற புண் ஆற வேண்டும். பிறகு டொக்டரோடு கதைத்து, இரண்டு நேரமென்றால் ஒரு நேரமாக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி இறக்கலாம். இடையில் எரிகிற நாளில் காவிஸ்கனோ பமோட்டிடினோ கைகொடுக்கும். உங்கள் கேள்வியில் பமோட்டிடினுக்கு இருக்கிற இடம் இதுதான். ஒரு மாதம் வரை சிலநாள் எரியலாம், அதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே கடைக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத் தேட வேண்டும். ஒரு காலத்தில் அல்சர் என்றால் உறைப்பும் யோசனையும் என்று சொல்லி, ஆறாதவர்களுக்கு வயிற்றைத் திறந்து அமிலம் சுரக்கச் சொல்கிற நரம்பை வெட்டினார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன், பரி மார்ஷல் இருவரும் இந்தக் கிருமியைக் காட்டினார்கள், யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் சத்தியும் இரைப்பை அழற்சியுமாகி, எண்டோஸ்கோப்பியில் ஆதாரம் எடுத்தார். 2005இல் இருவருக்கும் நோபல். கிருமி இருந்தால் ஒமெப்பிரசோலோடு இரண்டு அன்ரிபயோற்றிக், பெரும்பாலும் கிளாரித்ரோமைசினும் அமொக்சிசிலினும், 14 நாள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அமொக்சிசிலினுக்குப் பதில் மெற்றோனிடசோல் தந்தால் அந்த நாட்களில் சாராயமோ கசிப்போ தொடக் கூடாது. கொலஸ்ரோலுக்குச் சிம்வஸ்ரற்றின் எடுக்கிறவர் கிளாரித்ரோமைசின் போடுகிற நாட்களில் அதை நிறுத்த வேண்டும், டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சோதனைக்கு முன் இரண்டு கிழமை ஒமெப்பிரசோலையும் நாலு கிழமை அன்ரிபயோற்றிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுக்ரல்பேற் புண்ணின் மேல் பசை போல் ஒட்டி மூடுவது, வெறும் வயிற்றில் போட வேண்டும், அதிலும் அலுமினியம் உண்டு. மிசோபுரோஸ்டோல் இழந்த புரொஸ்டாகிளாண்டினை ஈடு செய்வது, ஆனால் கருவைக் கலைக்கும், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் அல்சருக்கு இதைத் தொடவே கூடாது. டொம்பெரிடோன் அமில மருந்தே இல்லை, வயிற்றைச் சீக்கிரம் காலியாக்குகிற மருந்து. அது இதயத் துடிப்பைக் குழப்பலாம் என்று 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்படுத்தியது, வழமையாக ஒரு கிழமைக்கு மேல் போகக் கூடாது. ஒமெப்பிரசோலோடு சோடியாக மாதக் கணக்கில் ஓடுகிற மருந்துத் துண்டுகளைக் கண்டால் காரணத்தைக் கேளுங்கள்.

உறைப்பும் பிந்திய சாப்பாடும் அல்சரை உண்டாக்குவதில்லை, இருக்கிற எரிவைக் கூட்டும். புகைத்தலோ புண்ணை ஆற விடாது.

இரத்தச் சத்தி, தார் போன்ற கறுத்த மலம் (இரும்புக் குளிசையாலும் கறுக்கும், ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டு நாறாது), மயக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. விழுங்கக் கஷ்டம், காரணமில்லாத மெலிவு, நிற்காத சத்தி, இரத்தச்சோகை இருந்தால் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நெஞ்சை அமத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ நோ ஓடினால் அதைக் காஸ் என்று நினைத்துச் சோடா வாங்கப் போகாதீர்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் தூரம்தான் எதிரி, யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

அம்மாவின் அடுத்த கிளினிக்குக்குக் கிரியற்றினின் சோதனை எழுதித் தரும்படி கேளுங்கள், பி12 பார்க்க முடிந்தால் அதுவும். கிளினிக் கொப்பியோடு வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், துண்டில்லாமல் கடையில் வாங்கின உறைகளையும் சேர்த்து. டொக்டர் ஏசுவார் என்று அதை மட்டும் அலுமாரியில் வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் சனத்தின் வழக்கம்.